ஸ்கோன் என்னும் சிறு ரொட்டி

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

முன்னுரை

ஒரு நாட்டு மக்களின் உள்ளத்தை அறிய வேண்டுமாயின் அவர்களது நூல்களைப் படித்தால் மட்டும் போதாது; அவர்களது அடுப்பங்கரையையும் எட்டிப் பார்க்க வேண்டும். நமக்கு இட்லி எப்படியோ, அப்படியே ஆங்கிலேயருக்கும் ஸ்காத்லாந்து மக்களுக்கும் 'ஸ்கோன்' என்னும் சிறு ரொட்டி. மாலை நேரத்தில் தேநீருடன் அதை உண்பார்கள். உண்பதோடு நில்லாமல், அதன் பெயரை எப்படிச் சொல்வது, அதன்மேல் எதை முதலில் தடவுவது என்று ஓயாமல் வாதாடவும் செய்வார்கள். அந்தச் சிறு ரொட்டியைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதை முதலில் கூறிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, வெளியூரில் நடந்த பள்ளிகளுக்கிடையிலான ஆங்கில வாசிப்புப் போட்டியில் கலந்துகொண்டேன். கொடுக்கப்பட்ட பகுதியில் ஒரு பாட்டியார் தம் பேத்திக்கு ஜாமும் பாலேடும் தடவி ஸ்கோன் கொடுப்பதாக ஒரு வரி இருந்தது. நான் எழுத்தைக் கூட்டி 'ஸ்கோன்' என்று வாசித்தேன். பின்வரிசையில் சில மாணவியர் சிரித்தனர். ஒருத்தி, "அது ஸ்கான்!" என்று என் காதில் விழும்படியே சொன்னாள். அதன் பிறகு எனக்கு வரிகள் கலைந்து போயின. இரண்டு முறை நிறுத்தினேன். பரிசு கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செங்கல்பட்டு வரும் வரையில் பேருந்தில் சன்னல் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எங்கள் மனையியல் சிஸ்டர் என்னை அழைத்து, நூலகத்திலிருந்த பெரிய ஆங்கில அகராதியைத் திறந்து காட்டினார். அச்சொல்லுக்கு எதிரே இரண்டு உச்சரிப்புகள் இருந்தன. இரண்டும் சரியே! "அந்த நாட்டுக்காரர்களுக்கே இதில் ஒற்றுமை இல்லை, நீ ஏன் அழ வேண்டும்?" என்றார் சிஸ்டர். அன்று தொடங்கிய ஆவலால் நான் தேடித் தெரிந்துகொண்டவற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பிறப்பும்

ஸ்கோன் பிறந்த இடம் ஸ்காத்லாந்து. 1513ஆம் ஆண்டில் கேவின் டக்ளஸ் என்னும் ஸ்காத்லாந்துக் கவிஞரின் எழுத்தில் இச்சொல் காணப்படுகிறது. அச்சொல்லின் மூலம் 'ஸ்கோன்ப்ரோட்' என்னும் பழைய டச்சுச் சொல்லாக இருக்கலாம் என்று மொழியறிஞர் சிலர் கருதுகின்றனர். நல்ல வெள்ளை ரொட்டி என்பது அதன் பொருள். டச்சுக்காரர் நமக்கு அந்நியர் அல்லர். மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் இன்றும் கடலைப் பார்த்து நிற்கும் பழைய கோட்டை அவர்கள் கட்டியதுதான். நம் கரையில் துணி வாங்க வந்தவர்களின் மொழி, வேறொரு கரையில் ஒரு ரொட்டிக்குப் பெயர் தந்திருக்கலாம் என்று எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

சொற்கள் இப்படிக் கப்பலேறிப் பயணம் செய்வது புதிதன்று. நாம் அன்றாடம் சொல்லும் மேசை, அலமாரி, சாவி, சன்னல் ஆகியவை போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தவை. நம் பாட்டிமார் 'பிஸ்கோத்து' என்று சொல்லும்போது நாம் சிரிக்கிறோம். உண்மையில் அது ஆங்கிலத்தைத் தவறாகச் சொன்னதன்று. 'பிஸ்கொய்த்து' என்னும் போர்ச்சுக்கீசியச் சொல்லின் தமிழ் வடிவம். பிஸ்கட் என்று நாம் சொல்லத் தொடங்கும் முன்பே நம் முன்னோர் பிஸ்கோத்து என்று சொல்லிவிட்டனர்!

ஸ்காத்லாந்தில் பெர்த் நகரின் அருகே இதே எழுத்துகளையுடைய ஓர் ஊரும் உண்டு. ஆனால் அவ்வூரின் பெயரை 'ஸ்கூன்' என்று சொல்ல வேண்டும். அந்நாட்டு மன்னர்கள் முடிசூடிய புனிதக் கல் அங்கேதான் இருந்தது. 1296ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு அதைக் கவர்ந்து சென்றார். 700 ஆண்டுகள் கழித்து 1996இல் அது ஸ்காத்லாந்துக்குத் திரும்பி வந்தது. 2024 முதல் பெர்த் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆக, ஒரே எழுத்துக்கூட்டலுக்கு ஸ்கோன், ஸ்கான், ஸ்கூன் என்று மூன்று ஓசைகள்! நான் தடுமாறியதில் வியப்பென்ன?

தோசைக்கல்லில் பிறந்த ரொட்டி

ஸ்கோன் செய்ய மின்சார அடுப்புப் பெட்டி வேண்டும், அது வசதியுள்ளோர் வீட்டுப் பண்டம் என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு. பழைய காலத்து ஸ்கோன் ஓட்ஸ் அல்லது வாற்கோதுமை மாவினால் தட்டையான பெரிய வட்டமாகச் செய்யப்பட்டது. அதை அடுப்பின் மீது வைத்த இரும்புக் கல்லில் சுட்டு, நான்காக வெட்டி உண்டார்கள். அந்த இரும்புக் கல்லை ஸ்காத்லாந்து மக்கள் 'கிர்டில்' என்பார்கள். அது வேறொன்றுமன்று, நம் தோசைக்கல்லின் உடன்பிறப்பே! அடுப்புப் பெட்டியும் சமையல் பவுடரும் பரவிய பின்னரே இன்றைய உயர்ந்து உப்பிய ஸ்கோன் வந்தது.

மாவைக் கரைத்துக் கல்லில் ஊற்றிச் சுடும் ஒரு வகையும் உண்டு. அதற்கு 'டிராப் ஸ்கோன்' என்று பெயர். 1959ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் ஸ்காத்லாந்தில் உள்ள பால்மோரல் மாளிகைக்கு வந்திருந்தார். அங்கு உண்ட டிராப் ஸ்கோனின் செய்முறையை எலிசபெத் அரசியார் 1960 ஜனவரியில் தம் கடிதத்துடன் அவருக்கு அனுப்பி வைத்தார். பதினாறு பேருக்கான அளவு அதில் இருந்தது. சர்க்கரைக்குப் பதிலாகக் கரும்புப் பாகு போன்ற ஒரு பாகையும் சேர்க்கலாம் என்று அரசியார் குறிப்பிட்டிருந்தார். அரண்மனையானாலும் அடுக்களைப் பேச்சு ஒன்றுதான் போலும்! நம் வீட்டுப் பெண்கள் வேலிக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் நின்று வெல்ல தோசைக்குப் பக்குவம் சொல்லிக்கொள்வது நினைவுக்கு வருகிறது.

மாவு எழும்பும் மூன்று வழிகள்

அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் சமையல் சோடாவின் விளக்கத்தை ஸ்கோனில் கண்கூடாகக் காணலாம். மாவைப் பொறுத்தவரை அப்பங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, புளிப்பற்றது. திருப்பலியில் நற்கருணைக்காகப் பயன்படும் ஓஸ்தி இவ்வகையைச் சேர்ந்தது. கோதுமை மாவும் நீரும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அதனால்தான் அது எழும்பாமல் மெல்லியதாக இருக்கிறது.

இரண்டாவது, புளிக்க வைத்து எழும்புவது. இட்லி மாவில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இரவு முழுவதும் வேலை செய்து கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியும் இவ்வாறே புளிக்க வைத்த மாவினால் ஆனது. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தார இலை விரித்து வேகவைக்கிறார்கள். கடையில் வாங்கும் ரொட்டி ஈஸ்டினால் எழும்புகிறது. ஒரு பெண் மூன்று மரக்கால் மாவில் பிசைந்து வைத்த புளிப்பு மாவை விண்ணரசுக்கு ஒப்பிட்டார் நம் ஆண்டவர். இவ்வகைக்குப் பொறுமை வேண்டும்.

மூன்றாவது, சோடாவினால் எழும்புவது. ஸ்கோன் இவ்வகை. இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட்டு. அது அமிலத்தோடு சேர்ந்து ஈரம் பட்டதும் கரியமில வாயு வெளிப்படும். மாவுக்குள் சிக்கிக்கொண்ட அந்த வாயு, சூடு பட்டதும் விரிந்து ரொட்டியை உயர்த்துகிறது. சமையல் பவுடரில் சோடாவும், டார்டாரிக் அமிலம் போன்ற ஓர் அமிலப் பொருளும் சேர்ந்தே இருக்கும். இரண்டும் முன்னதாகவே ஒன்றோடொன்று சேர்ந்து வீணாகாதபடி உலர்ந்த மாவுச்சத்தும் கலந்திருக்கும்.

இதைப் பற்றி ஓர் அழகிய செய்தி உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஆல்பிரட் பேர்டு என்ற மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவருடைய மனைவியாருக்கு ஈஸ்ட் சேர்த்த ரொட்டி ஒத்துக்கொள்ளாது. மனைவியும் மற்றவர்களைப் போல ரொட்டி உண்ண வேண்டும் என்பதற்காக அவர் முயன்று, 1843ஆம் ஆண்டில் ஈஸ்ட் இல்லாமலே மாவை எழுப்பும் பவுடரைக் கண்டுபிடித்தார். ஒருவர் மீது கொண்ட அன்பினால் பிறந்த பொருள், இன்று உலகமெங்கும் சமையலறைகளில் இருக்கிறது.

செய்முறை

மனையியல் வகுப்பில் சிஸ்டர் எங்களுக்குத் தோசைக்கல்லிலேயே ஸ்கோன் செய்யக் கற்றுக்கொடுத்தார்.

தேவையான பொருள்கள்: மைதா 250 கிராம், சமையல் பவுடர் 2 தேக்கரண்டி (தலைதட்டி), வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பால் சுமார் 150 மில்லி.

மைதா, பவுடர், உப்பு மூன்றையும் இருமுறை சலிக்க வேண்டும். குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாகப் போட்டு, விரல் நுனியால் பிசிறிப் புட்டு மாவு போல் ஆக்க வேண்டும். சர்க்கரையைச் சேர்த்து, பாலைச் சிறிது சிறிதாக விட்டு மாவைத் திரட்ட வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவது போல் இதை அழுத்திப் பிசையக் கூடாது. பிசையப் பிசைய மைதாவிலுள்ள புரதம் இழைபோல் இறுகி, ரொட்டி கடினமாகிவிடும். ஒரு விரல் கனத்திற்குச் சற்றுக் குறைவாகத் தட்டி, டம்ளரின் வாயால் வட்டங்களாக வெட்டிக்கொள்ள வேண்டும். கனமான கல்லைக் காய வைத்து, லேசாக மாவு தூவி, சிறு தீயில் பக்கத்துக்கு ஐந்து முதல் ஆறு நிமிடம் சுட வேண்டும். ஓரங்களைத் தொட்டுப் பார்த்தால் மாவு ஒட்டாமல் உலர்ந்திருப்பதே பதம்.

நான் வீட்டில் முதன்முறை செய்தபோது பெரிய தவறு செய்தேன். பவுடர் இல்லாததால், அம்மா ஆப்பத்துக்கு வைத்திருந்த சோடாவை அதே அளவு போட்டுவிட்டேன். ரொட்டி நன்றாக எழும்பியது. ஆனால் மஞ்சள் நிறமாகி, வாயில் வைத்தால் சவர்க்காரம் போல் இருந்தது. அமிலம் இல்லாமல் சோடா மட்டும் சூடானால் சோடியம் கார்பனேட்டு, அதாவது சலவைச் சோடாவின் இனம், ரொட்டியில் தங்கிவிடுகிறது என்பதைப் புத்தகத்தில் படித்தும் மறந்திருந்தேன். "தேர்வில் எழுதினாயே, அடுப்பில் எழுதவில்லையா?" என்றார் அப்பா. மறுமுறை அரைத் தேக்கரண்டி சோடாவும், பாலுக்குப் பதில் புளித்த மோரும் சேர்த்தேன். மோரின் அமிலம் சோடாவுக்கு ஈடாயிற்று. பவுடர் இல்லாத வீட்டினர் இவ்வழியைப் பின்பற்றலாம்.

ஜாம் முதலிலா, பாலேடு முதலிலா?

ஆங்கிலேயர் பிற்பகல் தேநீர் அருந்தும் பழக்கம், 1840ஆம் ஆண்டையொட்டி பெட்போர்டு கோமகளான ஆனா அம்மையாரால் பரவியது என்று கூறுவர். அந்தத் தேநீர் மேசையில் ஸ்கோன் மெல்ல மெல்ல இடம்பிடித்தது.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன், கார்ன்வால் என்று அடுத்தடுத்து இரு மாவட்டங்கள் உள்ளன. இரண்டிலும் ஸ்கோனை இரண்டாகப் பிளந்து, ஸ்ட்ராபெரி ஜாமும் கெட்டிப் பாலேடும் வைத்து உண்பார்கள். அகன்ற பாத்திரத்தில் பாலை மெல்லச் சூடாக்கி நெடுநேரம் அப்படியே விட்டால் மேலே திரளும் ஏடுதான் அது. நம் வீட்டில் பால் காய்ச்சிய சட்டியிலிருந்து எடுக்கும் பாலாடையை நினைத்துக்கொள்ளுங்கள். டெவன் மக்கள் முதலில் பாலேட்டைத் தடவி, அதன்மேல் ஜாம் வைப்பார்கள். கார்ன்வால் மக்களோ முதலில் ஜாம், பிறகே பாலேடு என்பார்கள். வெண்ணெயின் இடத்தில் பாலேடு இருப்பதால் அதுவே அடியில் இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. சூடான ரொட்டியில் பாலேடு உருகிவிடும், எனவே அது மேலேதான் இருக்க வேண்டும் என்பது மற்றொரு கட்சி. வயிற்றுக்குள் போனபின் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டால் இரு தரப்பாரும் நம்மீது கோபித்துக்கொள்வார்கள்!

ஆஸ்திரேலியாவில் பரங்கிக்காய் சேர்த்து ஸ்கோன் செய்கிறார்கள். அங்குள்ள கிராமப்புற மாதர் சங்கத்தினர் சிட்னி ஈஸ்டர் கண்காட்சியில் ஆண்டுதோறும் ஸ்கோன் சுட்டு விற்று, அந்தப் பணத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடுகின்றனர்.

நம் நாட்டிலும் இவ்வாறான வழக்குகளுக்குக் குறைவில்லை. இட்லியின் மேல் சாம்பாரை ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டுமா, தொட்டு உண்ண வேண்டுமா என்று எங்கள் வீட்டில் அண்ணனுக்கும் எனக்கும் தினமும் போர். ஆங்கிலேயர் குடியேறிய உதகையில் தேநீருக்குத் துணையாக வளர்ந்தது வர்க்கி. அடுக்கடுக்காய் நொறுங்கும் அந்த வர்க்கிக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதையும் தேநீரில் நனைத்து உண்பவர் ஒரு சாரார், நனைக்காமல் கடிப்பவர் மறு சாரார்.

நானும் சிரித்தவளே

இவற்றையெல்லாம் படித்து வரும்போது என் மனத்தில் ஒரு முள் உறுத்தியது. ஏழாம் வகுப்பில் எங்களோடு புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி, மாமல்லபுரத்திற்கு அருகில் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். முதல் வாரத்தில் தமிழ் வகுப்பில் அவள் எழுந்து 'வாழைப்பழம்' என்பதை 'வாயப்பயம்' என்று வாசித்தாள். வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் நான். அன்று முதல் பல நாள் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

வெளியூர்ப் போட்டியில் என்னைப் பார்த்துச் சிரித்த அந்தப் பெண்ணின் மீது நான் எவ்வளவு கோபம் கொண்டேன்! அதே செயலை நான் செய்தபோது அது எனக்கு விளையாட்டாகத் தோன்றியது. ழகரம் தெற்கே பல ஊர்களில் 'பளம்' என்றாகிறது. நம் பக்கத்தில் பலர் வாயில் 'பயம்' என்றாகிறது. தமிழ் வகுப்பில் ழகரத்தைத் திருத்தமாகச் சொல்லப் பழகுவது நம் கடமைதான். ஆயினும் திருத்துவது வேறு, சிரிப்பது வேறு. அகராதியைத் திறந்து காட்டிய சிஸ்டர் என்னைத் திருத்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. என்னோடு சேர்ந்து தேடினார்.

பொங்கல் விடுமுறையில் அவள் வீட்டுக்குச் சென்றேன். முதல் நாள் இரவு சுட்ட எட்டு ஸ்கோன்களை ஒரு டப்பாவில் எடுத்துப்போனேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்" என்றாள். அவள் மறக்கவில்லை என்பது அந்தச் சொல்லிலேயே தெரிந்தது.

அவளுடைய ஆயா ஒரு ஸ்கோனைக் கையிலெடுத்துப் பார்த்தார். "இன்னாடி இது, பன்னா ரொட்டியா?" என்று கேட்டார். நான் ஜாம் புட்டியை எடுப்பதற்குள் அதைப் பிட்டு, அடுப்பிலிருந்த வஞ்சிர மீன் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் கீது, உப்புதான் கொஞ்சம் பத்தல" என்றார். நாங்களும் அவ்வாறே உண்டு பார்த்தோம். டெவன்காரரும் கார்ன்வால்காரரும் ஒருங்கே மயங்கி விழுந்திருப்பார்கள். ஆனால் எட்டில் ஒன்றும் மீதமில்லை. அதற்கு என்ன பெயர் என்று ஆயா கேட்டபோது என் தோழி முந்திக்கொண்டு, "ஸ்கோன்னும் சொல்லலாம், ஸ்கான்னும் சொல்லலாம் ஆயா" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வேறு வகையானது.

முடிவுரை

விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். நாமும் அன்றாட உணவுக்காக நாள்தோறும் இறைவனிடம் மன்றாடுகிறோம். அந்த மன்றாட்டில் 'எனக்கு' என்று கேட்பதில்லை, 'எங்களுக்கு' என்றே கேட்கிறோம். ஒரே பந்தியில் அமர்ந்தவர்களுக்குள் எவர் எச்சொல்லை எப்படிச் சொன்னால் என்ன, எவர் எதில் தோய்த்து உண்டால் என்ன?

தோழியரே! அடுத்த ஆண்டும் நம் பள்ளிக்குப் பல ஊர்களிலிருந்து புதிய தங்கைகள் வருவார்கள். அவர்களது பேச்சு நம் பேச்சைப் போல் இராது. வகுப்பில் ஒருத்தி சொல் தடுமாறி நிற்கும்போது, சிரிக்கத் திறக்கும் வாயை மூடிக்கொண்டு, அவள் பக்கத்தில் போய் உட்காருவோம். இயன்றால் இரண்டு ஸ்கோன் சுட்டு எடுத்துப்போவோம். உப்பை மட்டும் சற்றுக் கூட்டிப் போடுங்கள். ஆயா சொன்னது சரிதான்.